முப்பத்தாறுக்குப் பதில் பன்னிரண்டு

28 ஜூலை 2025, திங்கள்

மாதா கோயில் திருவிழாக் கூட்டத்தில் பஸ் நகரவில்லை. பாதி வழியில் இறங்கி நடந்தேன். ஆபீசுக்குள் நுழையும்போது பத்து மணி. பாலகணேஷ் அண்ணாச்சி என் மேஜையில் ஆறு பக்கக் காகிதத்தை வைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றார். கம்பெனி அவருடையது. வேலைக்கு நாங்கள் ஐந்து பேர். அவர் உட்காராமல் நின்றால் அவசரம் என்று அர்த்தம்.

கடலோரத் தொழிலாளர் நல வாரியத்தின் விதியைத் திருத்தி ஆணை வந்திருக்கிறது. உப்பளத்துக்காரர்கள், சங்கு குளிப்பவர்கள், கருவாடு போடுகிறவர்கள் எல்லாம் வாரியத்தின் மருத்துவ அட்டையைக் காட்டி இலவசமாகச் சிகிச்சை எடுக்கிறார்கள். அட்டையை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும் என்று இருந்தது. இனி வருஷா வருஷம். ஆகஸ்ட் ஒன்றிலிருந்து. இந்த அட்டை செல்லுமா என்று ஆஸ்பத்திரி கேட்டால் பதில் சொல்வது எங்கள் மென்பொருள். அதைப் பார்த்துக்கொள்வது நான்.

"வியாழக்கிழமைக்குள்ள முடிஞ்சிருமாம்மா?"

முடிந்துவிடும் என்று சொன்னேன். ஆணையை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. அதற்குள் எப்படிச் சொன்னேன்?

31 ஜூலை, வியாழன்

முடிந்தது. இரண்டரை நாள் விண்ணப்பப் படிவத்தை மாற்றுவதிலேயே போய்விட்டது. அட்டை செல்லும் காலத்தை மாற்றும் வேலை கடைசியில் பத்து நிமிஷம். 36 மாதம் என்று இருந்ததை அழித்து 12 என்று போட்டேன். புதிதாகப் பத்து அட்டை உண்டாக்கிச் சோதித்தேன், பத்தும் சரி. வாரியத்து உதவி ஆணையர் உமாராணி மேடம் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். நாளை அதிகாலையில் புது விதி தானாகவே நடப்புக்கு வந்துவிடும்.

கழுத்து வலி. தைலம் தேய்த்துக்கொண்டு எழுதுகிறேன்.

2 ஆகஸ்ட், சனி

வீட்டுக்காரர் கிங்ஸ்டனுக்கு இன்றும் இரட்டை ஷிப்ட், துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல். சட்டையை மூன்று தண்ணீரில் அலசியும் கறுப்பு போகவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

எழுதவே பயமாக இருக்கிறது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரிகள் கேட்டு, 'தகுதி இல்லை' என்று எங்கள் மென்பொருள் திருப்பி அனுப்பிய அட்டைகளின் பட்டியலைத் திங்கள்தோறும் பார்ப்பேன். வழக்கமாக நாளுக்குப் பதினைந்து, இருபது இருக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் நூற்று நாற்பது. சட்டம் இறுகிவிட்டது, அதனால்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு ஒரே அட்டை எண் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தேன். வெள்ளி ஐந்து தடவை, சனி நான்கு. இன்று காலை ஒன்பது மணிக்குள் ஆறு.

யாரோ கவுண்டரில் நின்றுகொண்டு, இன்னொரு தடவை போட்டுப் பாருங்க என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

திறந்து பார்த்தேன். செல்லக்கிளி. வயது 46. உப்பளத் தொழிலாளி, முத்தையாபுரம். சிகிச்சை: டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். அட்டை புதுப்பித்தது 2023 அக்டோபர். அடுத்த வருஷம் அக்டோபர் வரை செல்ல வேண்டும். திரையில் '2024 அக்டோபரில் காலாவதி' என்றிருந்தது.

ஆணையை எடுத்து அப்போதுதான் கடைசிப் பக்கம்வரை படித்தேன். ஐந்தாம் பக்கம், ஏழாம் பத்தி. 'ஏற்கெனவே வழங்கப்பட்ட அட்டைகளுக்கு, அவற்றின் காலம் முடியும்வரை முந்தைய விதியே பொருந்தும்.'

மென்பொருளில் ஒவ்வொரு விதிக்கும் எந்தத் தேதியிலிருந்து, எந்தத் தேதிவரை என்று இரண்டு கட்டங்கள் உண்டு. சட்டம் மாறினால் பழைய விதியைத் தொடவே கூடாது. அதற்கு முடிவுத் தேதி போட்டுவிட்டுப் புதியதைத் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். அப்போதுதான் பழைய அட்டையைப் பழைய விதியும் புது அட்டையைப் புது விதியும் பார்த்துக்கொள்ளும். நான் பழைய வரியிலேயே போய் எண்ணை மாற்றியிருக்கிறேன். பழைய விதி என்று ஒன்று இருந்ததே மென்பொருளுக்குத் தெரியாமல் போய்விட்டது. நான் சோதித்த பத்தும் புது அட்டைகள். பிறகு எப்படித் தெரியும்?

ஏழாயிரத்து நூற்றுப் பதினாறு அட்டைகள் ரத்தாகியிருக்கின்றன. என்னளா பண்ணி வச்சிருக்க. படிக்கத் தெரிஞ்சவதான நீ என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வாரியத்தின் கையெழுத்து இல்லாமல் நடப்பில் இருக்கும் மென்பொருளில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. மேடம் சென்னையில் இருக்கிறார், நாளை திருவிழா விடுமுறை. "புதன்கிழமை நேர்ல பேசிக்கிடலாம். அதுவரைக்கும் யாருட்டயும் மூச்சு விடாத" என்றார்.

பட்டியலில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். செல்லக்கிளியின் கணவர் லிங்கராஜ் எடுத்தார். "கார்டு செல்லாதுன்னு சொல்லுதாவ மேடம். போன செவ்வாய்க்கிழமை பண்ணினது. என்ன செய்யன்னே தெரியல."

சர்வர் கோளாறு, சரியாகிவிடும் என்றேன்.

"ரொம்ப நன்றி மேடம்" என்று சொல்லி வைத்தார்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

விடுமுறை. காலையிலிருந்து மாதா கோயில் மணி. ஊரே தெருவில் இருக்கிறது, நான் படுக்கையில் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டயாலிசிஸ் தவறினால் என்ன ஆகும் என்று தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. தண்ணீர் நுரையீரலில் ஏறும். ரத்தத்தில் உப்பு கூடி இதயம் நிற்கலாம். எத்தனை நாளில் என்று எங்கேயும் சரியாகப் போடவில்லை. ஆளைப் பொறுத்தது என்கிறார்கள். அந்தம்மாவைப் பார்த்ததுகூட இல்லையே நான்.

பதினொரு மணிக்கு லிங்கராஜைக் கூப்பிட்டேன்.

"படுக்க முடியல மேடம், உக்காந்தே இருக்கா. மூச்சு வாங்குது. காலெல்லாம் வீங்கிட்டு."

அட்டை கேட்காத அரசுப் பெரியாஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று கேட்டேன்.

"அங்கன பேரு குடுத்திருக்கு, வரிசைல இருக்கோம். கார்டு சரியாயிரும்னு நீங்கதான சொன்னிய. அதான் பாத்துக்கிட்டு இருக்கோம்."

நான் சொன்னதை நம்பி ஒரு முழு நாள் காத்திருந்திருக்கிறார்கள். "வரிசை வேண்டாம். நேரா அவசரப் பிரிவுக்குப் போங்க. மூச்சு வாங்குதுன்னு சொல்லுங்க, ஒரு வாரமா டயாலிசிஸ் இல்லன்னு சொல்லுங்க. இப்பமே கிளம்புங்க" என்றேன். கத்தினேன் என்று நினைக்கிறேன். கிங்ஸ்டன் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "எதையும் எழுதிக் குடுத்துராத. வாயால சொன்னா சொன்னதோட போச்சு. கையெழுத்துன்னா ஆயுசுக்கும் நிக்கும்" என்றார்.



6 ஆகஸ்ட், புதன், மதியம்

அண்ணாச்சியும் நானும் வாரியத்துக்குப் போனோம். உமாராணி மேடம் முழுவதையும் கேட்டார். திருத்தத்துக்கு உடனே கையெழுத்துப் போட்டார். அங்கேயே உட்கார்ந்து பழைய வரியில் 36-ஐத் திரும்ப வைத்து, முடிவுத் தேதி போட்டு, 12-ஐத் தனி வரியாகச் சேர்த்தேன். முதலிலேயே இதைச் செய்ய அரைமணி கூட ஆகியிருக்காது.

ஆனால் ரத்தான அட்டைகள் இதனால் உயிர்பெறவில்லை. பதிவேட்டில் ஏறிவிட்ட ரத்து ரத்துதான். அதை நீக்க வாரியத்தின் உத்தரவு வேண்டும், காரணத்தோடு.

மேடம் சொன்னது: "ரெண்டு வழி இருக்கு. தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதினா, புகார் கொடுக்கறவங்களை ஒவ்வொருத்தரா விசாரிச்சு அட்டையைத் திருப்பலாம். அவங்க பேப்பரோட நேர்ல வரணும். விதியைத் தப்பாப் பதிஞ்சுட்டோம்னு, பதிஞ்சவங்களே கையெழுத்துப் போட்டு எழுதினா, எல்லாருக்கும் ஒரே உத்தரவு போடலாம். ஆனா அதுல விசாரணை வரும்."

அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. "கோளாறுன்னே போட்டுருங்க மேடம்" என்றார்.

செல்லக்கிளியின் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி நீட்டினேன். அந்த ஒரு அட்டையை மட்டும் அப்போதே திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அண்ணாச்சி சொன்னார்: "இந்த வேலை கைய விட்டுப் போச்சுன்னா ஒனக்கு மட்டும் இல்லம்மா. மத்த நாலு பேருக்கும் அடுத்த மாசம் நான் என்ன சொல்லுவேன்?" அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் பயம்.

எனக்குத் தெரிந்த ஒரே பெயர் சரியாகிவிட்டது. இதோடு விட்டுவிடலாமா?

6 ஆகஸ்ட், மாலை

லிங்கராஜ் போன் எடுக்கவில்லை. பதினொரு தடவை.

7 ஆகஸ்ட், வியாழன்

லீவு போட்டுவிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஒவ்வொரு படியாக ஏறும்போது, அந்தம்மா உயிரோடு இல்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று இருந்தது. நர்ஸிடம் பெயரைச் சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் விரல் நோட்டில் கீழே கீழே இறங்கி நின்றது. "உள்ள இருக்காங்க. செவ்வாய்க்கிழமையே மிஷின்ல போட்டாச்சு. நேத்து ஒரு தடவை."



கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். கால் பாதம் இன்னும் வீங்கிப் பளபளவென்று இருந்தது. பாளம் பாளமாக வெடித்த உள்ளங்கால். கண் மூடியிருந்தார். மூச்சு வருகிறதா என்று போர்வையையே பார்த்தேன். வந்தது.

வராந்தாவில் லிங்கராஜ். மெலிந்த மனிதர், லுங்கியும் வெள்ளைச் சட்டையும். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டதாம். யார் என்று சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க அன்னைக்கு வெரட்டலன்னா நான் கூட்டிட்டே வந்திருக்க மாட்டேன். இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னாரு." டீ வாங்கித் தருகிறேன் என்று படியிறங்கப் போனவரை நிறுத்தினேன்.

சொன்னேன். சர்வர் கோளாறு இல்லை, நான் எண்ணைத் தப்பாகப் போட்டேன், அது திங்கட்கிழமையே எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டேதான் பொய் சொன்னேன்.

அடிப்பாரோ என்று பயந்தேன். கூட்டம் கூடிவிடுமோ என்று பயந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்களுக்கு மட்டுமா?"

"இல்ல. ஏழாயிரம் பேருக்கு மேல."

"அவங்களுக்குத் தெரியுமா, கார்டு செல்லும்னு?"

"தெரியாது."

லிங்கராஜ் திரும்பி வார்டுக்குள் போய்விட்டார்.

8 ஆகஸ்ட், வெள்ளி

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஒரு பக்கம்தான். எந்தத் தேதியில் எதை மாற்றினேன், எப்படி மாற்றியிருக்க வேண்டும், எப்போது தெரிந்தது. 'தெரிந்த பின்பும் பயனாளி ஒருவரிடம் தவறான தகவல் சொன்னேன்' என்ற வரியை இரண்டு தடவை அடித்துவிட்டு மூன்றாவது தடவை எழுதினேன். காலையில் கிங்ஸ்டனிடம் காட்டினேன். முழுவதும் வாசித்துவிட்டு, "நான் சொல்லி நீ கேக்கப் போறதில்ல" என்று பைக் சாவியை எடுத்தார். வாரியத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

உமாராணி மேடம் கடிதத்தை மேஜையில் வைத்துக் கண்ணாடியைக் கழற்றினார். "சோதனைத் தாள்ல என் கையெழுத்தும் இருக்கு, தெரியும்ல?"

தெரியும் என்றேன்.

"நானும் அந்த ஏழாம் பத்தி வரைக்கும் போகல ஜெப்ஸி. ஒரே நாள்ல எட்டு ஃபைல்." பிறகு கடிதத்தின் மேலே பெறுகை முத்திரை குத்தினார்.

அண்ணாச்சிக்கு நானே போனில் சொன்னேன். கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

கேஸ் போடுவார்களா? போலீஸ் வீட்டுக்கு வருமா? சொந்த ஊர் நாசரேத்தில் இருக்கும் அப்பாவுக்குத் தெரிந்தால்? நான் செய்தது சரிதானா என்றுகூடத் தெரியவில்லை. வேறு எதைச் செய்திருந்தாலும் லிங்கராஜ் கேட்ட கேள்வி காதில் இருந்துகொண்டே இருக்கும்.

11 ஆகஸ்ட், திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. 7,116 அட்டைகளும் ஆகஸ்ட் ஒன்றிலிருந்தே செல்லும். அண்ணாச்சி என் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் அட்டையிலிருந்து கடைசிவரை சரிபார்த்தார். மதியச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. வேலையைத் தவிர வேறு பேச்சு இல்லை.

13 ஆகஸ்ட், புதன்

புதிதாக ஒரு பயம்.

செல்லக்கிளி வீட்டார் திரும்பத் திரும்ப முயன்றார்கள். அதனால்தான் என் கண்ணில் பட்டார்கள். ஒரே ஒரு தடவை முயன்று, 'தகுதி இல்லை' என்று வந்ததும் போய்விட்டு, பிறகு வரவே வராதவர்கள்? பட்டியலைப் பிரித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு என்ன ஆயிற்று?

மேடத்திடம் கேட்டேன். கூப்பிட்டுப் பேச அனுமதி கொடுத்தார். இன்று பத்தொன்பது பேரிடம் பேசினேன். ஒவ்வொரு தடவை மணி அடிக்கும்போதும், எடுப்பது அழுகிற குரலாக இருந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொள்கிறேன்.

20 ஆகஸ்ட், புதன்

திரேஸ்புரம் ரோச் என்பவர் எட்டாவது நாளான இன்றுதான் எடுத்தார். 61 வயது, சங்கு குளித்தவர். நெஞ்சு வலிக்கு மாத்திரை வாங்கப் போய் இரண்டாம் தேதி வெறுங்கையோடு திரும்பியவர். அன்றிலிருந்து மாத்திரை இல்லை.

ஏன் திரும்பப் போய்க் கேட்கவில்லை என்றேன்.

"கம்ப்யூட்டர்ல இல்லன்னு வந்திட்டுல்லா. நமக்கு இனி அவ்வளவுதான்னு விட்டுட்டேன் மக்களே."

மகளிடம் பேசுகிற மாதிரி 'மக்களே' என்றார், கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்க முடியவில்லை. இன்றே போய் வாங்குங்கள், அட்டை செல்லும், தப்பு எங்களுடையது என்று மூன்று தடவை சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை. சாயங்காலம் சிகிச்சைப் பதிவுகளைப் பார்த்தேன். நான்கு இருபதுக்கு அவர் அட்டை ஆஸ்பத்திரியில் பதிவாகியிருந்தது. நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இருநூற்றுப் பன்னிரண்டில் ஆறு பேர் இன்னும் எடுக்கவில்லை.

27 ஆகஸ்ட், புதன்

கடைசி ஆறு பேர் விவரமும் கிடைத்துவிட்டது. நான்கு பேர் மங்களூர்ப் பக்கம் மீன்பிடி வேலைக்குப் போயிருந்தவர்கள். ஒருவர் மகள் வீட்டில். இன்னொருவரின் மனைவி எடுத்தார். ஆஸ்பத்திரி பழைய பில்லுக்காக ஆகஸ்டில் அட்டையைப் போட்டுப் பார்த்ததாம், கணவர் ஜூலையிலேயே இறந்துவிட்டாராம். ஜூலையிலேயே. அந்த மாதத்தின் பெயரைக் கேட்டு நிம்மதி வந்தது. ஒரு சாவுச் செய்தியைக் கேட்டு நிம்மதிப்படுகிறவளாக ஆகிவிட்டேன்.

30 ஆகஸ்ட், சனி

வேலை போய்விட்டது. விசாரணை முடியும்வரை நான் அங்கே இருக்கக் கூடாது என்று வாரியம் எழுதியிருக்கிறது. கம்பெனியோடு போட்ட ஒப்பந்தம் மார்ச் வரை தொடருமாம். மற்ற நான்கு பேரும் இருக்கிறார்கள். அண்ணாச்சி கீழ்ப்படிவரை வந்தார். "நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றார். எதை என்று நான் கேட்கவில்லை.

3 அக்டோபர், வெள்ளி

கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க. விசாரணைக்கு இரண்டு தடவை போய்வந்தேன். இன்னும் முடியவில்லை. தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே வாசலுக்குப் போய் நின்றுவிடுகிறேன்.

16 நவம்பர், ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். பெண் குரல். பேசுவதற்கு முன் மூச்சை இழுத்துக்கொண்ட குரல்.

"நான் செல்லக்கிளி பேசுதேன், முத்தையாபுரம்."

இதுவரை அந்தக் குரலைக் கேட்டதே இல்லை.

நலமா என்று கேட்டேன். "இருக்கேன்" என்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அதெல்லாம் இருக்கட்டும்ளா. வாரியத்துலருந்து எல்லாருக்கும் ஒரு காயிதம் வந்திருக்கு. என்னமோ வருமானச் சான்றுன்னு போட்டிருக்கு. இங்கன ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்லுதாவ. நீ வந்து வாசிச்சுச் சொல்லுவியா?"

போகப் பயமாக இருந்தது. மழை வேறு. கிங்ஸ்டன் கொண்டுபோய் விட்டார்.

உப்பளம் எல்லாம் தண்ணீர் நிற்கிறது. வேலை இல்லாத நாள் என்பதால் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். லிங்கராஜ் எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வாசல் பக்கமாகவே நின்றார். செல்லக்கிளி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது. மூக்கில் குழாய் இல்லை. கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

மூன்று பக்கம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தேன், ஒரு சொல்லையும் விடாமல். பிறகு ஒவ்வொருவரின் அட்டையையும் வாங்கித் தேதியைப் பார்த்து, உங்களுக்கு இது, உங்களுக்கு இது என்று சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இரண்டு விதமாக அர்த்தமாகிறது. விதவைகளுக்குச் சான்று வேண்டுமா வேண்டாமா என்று தெளிவாக இல்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது எனக்குப் புரியல" என்றேன். "வாரியத்துல கேட்டு, எழுத்துல வாங்கிட்டு வந்து சொல்லுதேன்."

செவ்வாய்க்கிழமை வாரியத்துக்குப் போக வேண்டும். சென்டரில் அரைநாள் லீவு கேட்டிருக்கிறேன்.